மூடிய அறையில் ஈரத்துணி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை, கடையின் இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் எல்லோரும் சூடு குறையாமல் நலமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். தெரியும் என்று எழுதவில்லை பார், நம்புகிறேன் என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் போன முறை வீடியோவில் பேசும்போது உன் பின்னால் நாற்காலியில் துணி மலையாகக் குவிந்து கிடந்தது, நீ பேச்சோடு பேச்சாக நகர்ந்து உட்கார்ந்து அதை மறைத்தாய், நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். சலவைக் கடைக்காரர் மகள் என்று மட்டும் அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே, நமக்கு இருக்கிற நாலு வாடிக்கையும் போய்விடும்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறாள் என்று யோசிப்பாய். உன் தங்கை என் போனைச் சரிசெய்து கொடுக்கிறேன் என்று வாங்கி என்னவோ செய்துவிட்டாள், அன்றிலிருந்து எனக்கு வருகிற செய்தி எல்லாம் பில் போடும் கம்ப்யூட்டரிலும் வந்து நிற்கிறது. நான் உனக்கு ஒரு வரி அனுப்பினால் அது உனக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் படித்துவிட்டு, என்னம்மா இப்படி எழுதிருக்கே என்று கேட்கிறாள். வாயால் பேசலாம் என்றால் வீடு இருக்கிற இருப்புக்குச் சமையலறையில் முணுமுணுத்தால் குளியலறையில் இருப்பவர் பதில் சொல்கிறார். அதனால்தான் இந்தக் காகிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, கிழிப்பதற்கு முன்னால் நான் சொல்கிற வேலையை முடித்துவிடு. முதல் வேலை இது. போனில் என்னிடம் புலம்பினாயே, உங்கள் ஆபீஸ் இணையத்தில் போடுகிற, நீ எழுதுகிற அந்தத் தொடர்கதைக்கு வாராவாரம் புகார் எழுதி உயிரை வாங்குகிற வாசகி ஒருத்தி இருக்கிறாள், மொடமொடப்பு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள், இனிமேல் அவள் எழுதவே முடியாதபடி தடுத்துவிடலாம் என்று ஆபீசில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. அவளைத் தடுத்துவிடாதே. ஏன் என்று பொறுமையாகப் படி, நடுவில் எழுந்து போனைத் தேடாதே.

உன் தங்கை விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். அடுத்த வருடம் எந்தப் பிரிவில் படிக்கப் போகிறாள் என்று இந்த மாதக் கடைசிக்குள் அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லியாக வேண்டும். வணிகவியல்தான் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். எனக்கு வணிகவியல் மேல் ஒரு விரோதமும் இல்லை, கடை நடத்துகிறவளுக்கு என்ன விரோதம், ஆனால் ஆசைப்பட்டு எடுத்தால்தானே அது படிப்பு. சோப்பு நுரை ஏன் எல்லாம் உருண்டையாகவே வருது, ஒண்ணுகூட ஏன் சதுரமா வரலை என்று கேட்டுக் கேட்டு என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமே போகவிடாமல் அடித்தவள் அவள். ஏண்டி இப்படி என்று கேட்டேன். அக்கா எடுக்காதது எதுவா இருந்தாலும் எனக்குச் சரிம்மா என்றாள். நீ ஒன்றும் செய்யவில்லை, நன்றாகப் படித்தது ஒரு குற்றமா. ஆனால் நீ படித்த அதே பள்ளிக்கூடம், அதே ஆய்வகம், உனக்குப் பாடம் எடுத்த அதே இயற்பியல் சார். உங்க அக்கா உக்காந்த பெஞ்சுலதான் நீயும் உக்காந்திருக்கே, அவ அறிவு கொஞ்சம்கூட ஒட்டலையே என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தாராம். இவள் சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கினால், உங்க அக்காவுக்கு ஒரு தடவை சொன்னா போதும் என்பாராம். அவர் வேடிக்கைக்குத்தான் சொல்லியிருப்பார், கெட்ட மனுஷர் இல்லை, நம் கடைக்குத்தான் சட்டை கொடுக்கிறார், ஆனால் இவள் கையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள். நீ ஆசையாக அனுப்பிய மைக்ரோஸ்கோப் இப்போது என்ன செய்கிறது தெரியுமா, அவள் மேஜை ஓரத்தில் நின்றுகொண்டு அவளுடைய தொப்பியை மாட்டிவைக்கும் உத்தியோகம் பார்க்கிறது.

உனக்குத் தெரிந்த அந்தப் பாதியை வைத்துத்தான் நீயும் சொன்னாய், அம்மா இந்தக் கதை நான் எழுதுறதுன்னு அவளுக்குத் தெரியவே கூடாது, தெரிஞ்சா தொடக்கூட மாட்டா, ஆனா எப்படியாவது அவளைப் படிக்க வெச்சிடு என்று. சொல்வதைச் சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய், பாடு என் பாடு. படி என்று நான் சொன்னால் அவள் படிக்க மாட்டாள், படிக்காதே என்று சொன்னால் ஏன் சொல்கிறாய் என்று விசாரணை வைப்பாள். யோசித்து யோசித்து, சரி, நானே படிப்போம் என்று உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் உங்கள் கதை முதலில் எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. மருந்து வண்டி ஓட்டுகிற ஒரு பெண், தூரத்தில் ஒரு குழந்தைக்கு மருந்து கொண்டுபோகும் வழியில் தூசிப்புயலில் தனியாக மாட்டிக்கொள்கிறாள், சரி, நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று கதை நின்றுவிட்டது, கீழே மூன்று பொத்தான். இவள் இப்போது என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். நான் எதை அமுக்குகிறேனோ அந்த வழியில் கதை போகுமாம், மூன்றும் பிடிக்கவில்லை என்றால் நானே ஒன்று எழுதலாமாம். பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அறிவியல் மேல் ஆசை வரட்டும் என்று எழுதுகிற கதை என்பதால் நானும் வயது பதினான்கு என்று போட்டுப் பதிந்துகொண்டேன், யாரும் கேட்கவில்லை. எந்த ஆபத்து வந்தாலும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு யோசிக்கட்டும் என்று எழுதுகிற வாசகி யாரோ என்று உங்கள் ஆபீசில் எல்லோரும் சிரித்தீர்களாமே. அந்தச் சிறுமி நான்தான். சிரித்ததற்கு மன்னித்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் தங்கை கடையில் உட்கார்ந்து சாக்ஸ் ஜோடி சேர்ப்பாள், அது அவள் வேலை. நான் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கதையைச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தேன், வேண்டுமென்றே தடுக்கித் தடுக்கிப் படித்தேன், பொத்தானையும் வேண்டுமென்றே தப்பாக அமுக்கினேன். வண்டிச் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது, டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிப் பார்க்கலாமா, இன்னும் வேகமாக மிதிக்கலாமா என்று கேட்டது. நான் மிதி மிதி என்று அமுக்கினேன், வண்டி அடிவயிறு வரைக்கும் இறங்கி உட்கார்ந்துவிட்டது. சாக்ஸ் சேர்க்கிற கை நின்றது. அடுத்தது எஞ்சின் தண்ணீர் கொதிக்கிறது, ஆறட்டும் என்று காத்திருக்கலாமா, உடனே மூடியைத் திறக்கலாமா. பாவம் கொதிக்குதே, திறந்து விடுவோம் என்று சொல்லிக்கொண்டே திறந்தேன். அந்தப் பெண்ணுக்குக் கையெல்லாம் வெந்துபோயிற்று. உன் தங்கை கையிலிருந்த சாக்ஸை வீசிவிட்டு எழுந்தாள். அம்மா, நீ அந்தப் பொண்ணைக் கொன்னுதான் விடுவே, தள்ளு அப்பால என்று என்னை நாற்காலியோடு தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் பின்னறைக்குப் போய்ச் சும்மாவேனும் சோப்பு மூட்டையை எண்ணிக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பல் டாக்டர் வீட்டுக்குப் போன சாக்ஸில் ஒரு காலுக்கு நீலமும் ஒரு காலுக்குக் கறுப்பும் போயிருக்கிறது, அவர் கேட்டார், அறிவியலுக்காக என்றா சொல்ல முடியும், நாகரிகம் மாறுகிறது டாக்டர் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு தினமும் அதே கூத்து. படிக்கிறாயா என்று கேட்டால், சே, யாருக்கு வேணும், போரடிச்சுது அதான் என்பாள், நான் அந்தப் பக்கம் போனதும் திரையோடு ஒட்டிக்கொள்வாள். நான் வந்தால் படக்கென்று சட்டைக் கணக்கு வந்து நிற்கும். இதைப் பார்த்துவிட்டு உன் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கதை விவகாரத்தை நான் அவரிடம் சொல்லவில்லை, அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் கடை வாசலில் எழுதி மாட்டுவதும் ஒன்று. அவராக ஒரு கணக்குப் போட்டுவிட்டார். பொண்ணு யாருக்கோ எழுதுறா, எழுதிட்டுச் சிவந்துபோய் உக்காந்திருக்கா, பதில் போட மாட்டேங்கறாங்களேன்னு தனியாப் பொலம்பறா, இதெல்லாம் எதுலபோய் முடியும்னு எனக்குத் தெரியாதா என்று என்னிடம் கிசுகிசுத்தார். பதில் போடாதவனை இப்பவே கைகழுவச் சொல்லு என்றார். நான் பொங்கி வருகிற சிரிப்பை விழுங்கிக்கொண்டு, நீங்களே கண்டுபிடிங்களேன் என்று சொல்லித் தொலைத்தேன். மனுஷர் அதை மெய்யாக எடுத்துக்கொண்டு, கோட்டுகள் வரிசையாகத் தொங்குகிற கம்பிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார், ஒரு வக்கீலின் கோட்டுக்கும் பேண்டு வாத்தியக்காரரின் கோட்டுக்கும் நடுவில். பிளாஸ்டிக் உறையெல்லாம் மூக்கில் பட்டால் அவருக்குத் தும்மல் வரும் என்று உனக்குத் தெரியும். வந்த தும்மலில் கம்பியே ஆடிப்போய்க் கோட்டெல்லாம் அவர் மேலேயே விழுந்தது. உன் தங்கை நிதானமாகத் திரும்பிப் பார்த்து, என்னப்பா, அளவு பாக்கறீங்களா என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். இன்று வரை அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதற்குள் இன்னொரு கலவரம். நான்கைந்து நாள் விடாமல் மழை, வெளியே ஒரு கைக்குட்டைகூடக் காயவில்லை. விடுதிக்காரர் கொடுத்த படுக்கை விரிப்புகளைத் துவைத்து வைத்துவிட்டு, நானும் அப்பாவும் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டோம், பின்னறையில் போட்டுக் காற்றாடியைச் சுழலவிடு என்று இவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனோம். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்கிறது. விரிப்பெல்லாம் தொங்குகிறது, காற்றாடி நிற்கிறது, ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய துணியைத் திணித்து அடைத்திருக்கிறாள், ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி வேறு சூடாகிக்கொண்டிருக்கிறது, நடுவில் முக்காலி போட்டு இரண்டு தண்ணீர்ப் புட்டி, ஒன்றுக்கு ஈரத்துணி சுற்றி, இன்னொன்றைச் சும்மா விட்டு, இரண்டுக்குள்ளும் பக்கத்துக் கடை வண்ணமீன் தொட்டிக்காரரிடம் கேட்டு வாங்கி வந்த தெர்மாமீட்டர். வியர்த்து ஊற்றுகிறது அவளுக்கு. என்னடி இது என்றேன். துணி காயுதான்னு பாக்கறேன் என்றாள், பொய் என்றும் சொல்ல முடியாது. பெரியவர்கள் இல்லாத நேரத்தில் இஸ்திரிப் பெட்டியை மூடிய அறையில் அப்படிச் சூடாக்கியதற்கு அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும், அதை நான் இங்கே எழுதவில்லை. விரிப்பெல்லாம் பூஞ்சை வாடை அடித்து, விடுதிக்காரர் திருப்பிக் கொண்டுவந்து போட்டு, யாரோ குளிச்சிட்டு ஈரத்தோட படுத்து எழுந்த மாதிரி இருக்கேம்மா என்றார். உன் அப்பா புது சோப்பு சரியில்லை என்று சோப்புக்காரரைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன், ஏனென்றால் எனக்கும் அப்போது ஒன்றும் புரியவில்லை. அதற்கடுத்த விடுமுறையில் ஜன்னலைத் திறந்து வைத்து, காற்றாடியைப் போட்டு, அதே பெட்டி, அதே புட்டிகள், அதே துணி என்று இன்னொரு முறை செய்திருக்கிறாள், இந்தத் தடவை பெட்டிக்குக் காவலாக என்னையே உட்காரவைத்துவிட்டாள். எதற்கு என்று கேட்டால் சும்மா இரும்மா என்கிறாள்.

அப்புறம்தான் குட்டு உடைந்தது. விடுதிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்க, இவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், திரையை மாற்ற மறந்துவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். எட்டித்தான் பார்த்தேன், நீ ஒன்றும் சொல்லாதே, நீயும் என் மகள்தான். உங்கள் கதைக்குழுவுக்கு நீளமாக ஒரு கடுதாசி எழுதி அனுப்பியிருக்கிறாள். அடியில் பெயர் மொடமொடப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கஞ்சி போட்ட சட்டையைத் தட்டிப் பார்த்து உன் அப்பா தினமும் சொல்கிற வார்த்தை, அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த உனக்கு எங்கேயோ இடித்திருக்க வேண்டாமா. எனக்கும் இடிக்கவில்லை, அது வேறு. நீ அன்றைக்குப் போனில் புலம்பியபோது, என் மகளை இந்தப் பாடு படுத்துகிறாளே, அவள் வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆள் இல்லையா, எந்தப் பெத்தவள் பெத்தாளோ என்று நான் வேறு சாபம் விட்டேன். பெற்றவள் நான்தான். சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அவள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீயும் உன் ஆபீசும் அதைக் கடைசிவரை படித்திருக்க மாட்டீர்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். உன் கதையில் அந்தப் பெண் தூசி உள்ளே வராமல் வண்டியின் இடுக்கெல்லாம் அடைக்கிறாள், வெளியே வெயில் கொளுத்துகிறது, குளிர்பெட்டி கெட்டுவிட்டது, போர்வை சட்டை எல்லாவற்றையும் நனைத்து உள்ளே தொங்கவிட்டு மருந்துப் புட்டிக்கும் ஈரத்துணி சுற்றுகிறாள், மறுநாள் புயல் அடங்கும்வரை மருந்து சில்லென்று இருக்கிறது, அந்தப் பொத்தானை அமுக்கினவர்களுக்கெல்லாம் சபாஷ் என்று ஒரு நட்சத்திரம் கொடுக்கிறாய். உன் தங்கை கேட்கிறாள், மூடின வண்டிக்குள்ள இருக்கிற காத்து எவ்வளவு ஈரத்தைத்தான் குடிக்கும், கொஞ்ச நேரத்துல அதுக்கு வயிறு நிறைஞ்சிடும், அப்புறம் துணி காயாது, துணி காயலைன்னா புட்டி எப்படிக் குளிரும் என்று. வெயிலுக்குப் பதிலா இஸ்திரிப் பெட்டியை வெச்சுச் செஞ்சு பாத்தேன், முதல்ல கொஞ்சம் குளிர்ந்துது, போகப்போகத் துணி சுத்தின புட்டியும் சுத்தாத புட்டியும் ஒரே சூட்டுக்கு வந்துடுச்சு, ஜன்னலைத் திறந்து வெச்சா மட்டும் துணி சுத்தின புட்டி கடைசிவரை குளிர்ச்சியாவே இருந்துது என்று இரண்டு நாளும் பார்த்த சூட்டையெல்லாம் எழுதியிருக்கிறாள். அடி பெரியவளே, ஈரத்துணி குளிரும் என்று புத்தகத்தில் படித்ததை எழுதிவிட்டாய், மூடிய அறையில் ஈரத்துணி காயாது என்று வீட்டில் படித்ததை மறந்துவிட்டாய். மழைநாளில் பின்னறைக் காற்றாடியைப் போட மறந்துவிட்டு உன் அப்பாவிடம் நீ வாங்கிய திட்டு எத்தனை. சலவைக் கடையில் பிறந்து வளர்ந்த நீயே இப்படி ஒரு தப்பைச் செய்துவிட்டாய், அதைக் கண்டுபிடிக்க இன்னொரு சலவைக் கடைப் பெண்தான் வர வேண்டியிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற விடுதிக்காரர் தன் விரிப்பை நினைத்துத்தான் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார்.

ஆனால் இதில் சிரிக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அவள் முதலில் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள், பழைய கடுதாசியெல்லாம் கீழே வரிசையாக இருக்கிறது, பார்த்தேன். அதற்கு உங்களிடமிருந்து போன பதில், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி தோழி, தொடர்ந்து கனவு காணுங்கள் என்று ஒரு பூப்படம். மறுபடி எழுதினாள், மறுபடி அதே பூ. அதற்குப் பிறகுதான் வாய் நீண்டிருக்கிறது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன், ஏதோ கதைதானே, விட்டுத்தள்ளேன் என்றேன். கதைன்னா என்னம்மா, அந்த மருந்து கெட்டுப்போனா அங்க ஒரு குழந்தை இல்ல சாகும், இதைப் படிச்சிட்டு எங்கேயாவது ஒருத்தி நெசமாவே செஞ்சா என்ன ஆகும் என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, செஞ்சு பாத்துச் சொல்றதுதான் அறிவியல்னு அவங்கதான் முதல் பக்கத்துல எழுதிருக்காங்க, செஞ்சு பாத்துச் சொன்னா பூ அனுப்பறாங்க, சார் சிரிக்கிறார், இவங்க பூ அனுப்பறாங்க, ரெண்டும் ஒண்ணுதான், மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன், ஒழுங்கா ஒரு பதில் வந்தா பிரிவு விஷயத்தை வேற மாதிரி யோசிப்பேன், வரலைன்னா வணிகவியல்தான் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உன் அப்பா எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்ப பையன் யாரும் இல்லையா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். ரொம்ப நிம்மதியாக இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது என்னவென்று நான் உட்கார்ந்து திட்டம் போட்டேன். அவளைத் தடுக்கக் கூடாது. அவள் எழுதியதைக் கடைசிவரை படித்து, நீ சொன்னது சரி, எங்கள் கதை தப்பு என்று நேராக ஒரு பதில் போட வேண்டும், கதையையும் திருத்த வேண்டும். ஆனால் எழுதியது நீ என்று மூச்சுவிடக் கூடாது, உங்கள் ஆபீசில் வயதில் பெரியவர் யாராவது, கண்ணாடி போட்டவராக இருந்தால் இன்னும் நல்லது, அவர் பெயரில் போகட்டும். அக்கா என்று தெரிந்தால் எல்லாம் பாழ், மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் உன் கதைக்கும் ஒரு தொப்பி மாட்டிவிடுவாள் என்று பயந்தேன். இவ்வளவும் எழுதி முடித்து, ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத் திட்டம் போட்டுவிட்டோம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

இங்கே வந்து ஒரு நிமிடம் எழுதுவதை நிறுத்தினேன், நிறுத்தவேண்டி வந்தது. நான் கடையில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், உன் தங்கை திடீரென்று உள்ளே வந்துவிட்டாள். நான் காகிதத்தைப் பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டுக்கு அடியில் தள்ளினேன், பேனாவைத் தள்ள மறந்துவிட்டேன். யாருக்கு எழுதறே என்றாள். வேறு பொய் ஒன்றும் வாயில் வரவில்லை, அக்காவுக்கு என்றேன். வழக்கம்போல உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் பார்த்தேன். போகவில்லை. டாக்டர் கோட்டின் கையை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றாள், எனக்கானால் உள்ளே காகிதம் சரசரக்கிறதே என்று உயிர் போகிறது. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், அப்படின்னா அக்காகிட்ட ஒண்ணு கேட்டு எழுதேன், மூடின ரூம்ல ஈரத்துணி தொங்கவிட்டா, புட்டிக்கும் ஈரத்துணி சுத்தினா, போகப்போக அது சில்லுனு இருக்குமா இருக்காதான்னு, நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே. அவளை எதுக்குடி கேக்கணும் என்றேன் நான். அவ தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டாம்மா, அவ சரின்னு சொன்னா போதும், மத்தவங்க என்ன அனுப்பினாலும் அனுப்பட்டும் என்று சொல்லிவிட்டு, சாக்ஸ் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இத்தனை வருடமாக அவள் உன்னை விட்டு ஓடுகிறாள் என்று நானும் நீயும் நினைத்துக்கொண்டிருந்தோம். கண்ணாடி போட்ட பெரியவர் வேண்டாம். என் திட்டத்தை நான் மூட்டை கட்டிவிட்டேன், நீயும் மறந்துவிடு. அவள் உன்னைத்தான் கேட்கிறாள், நீதான் சொல்ல வேண்டும். இருக்காது என்று சொல், அவள் சொன்னதுதான் சரி என்று சொல், அந்தத் தப்பை எழுதியவள் யார் என்பதையும் சொல்லிவிடு. கொஞ்சம் குதிப்பாள், நான் ஒளிந்து விளையாடியதும் வெளியே வரும், ஒரு வாரம் என்னோடு பேச மாட்டாள், பரவாயில்லை, அந்த ஒரு வாரம் நான் போனில் நிம்மதியாக எழுத்துப்பிழையோடு எழுதிக்கொள்வேன். பதிலை எனக்கு அனுப்பாதே, அவள் பெயர் போட்டு அனுப்பு. மாதக் கடைசி நெருங்குகிறது, இதைப் படித்து முடித்த கையோடு எழுது, நாற்காலியில் இருக்கிற துணியை அப்புறம் மடித்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. எடுத்த காரியமெல்லாம் உனக்கு நல்லபடியாக நடக்கட்டும், நடக்காதபோது திருத்திக்கொள்ளும் தைரியமும் கூடவே இருக்கட்டும். நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும். அப்பா தன் அன்பையும் ஆசியையும் சொல்லச் சொன்னார், பையன் யாரும் இல்லை என்பதையும் உனக்குத் தெரிவிக்கச் சொன்னார். கடிதத்தைக் கிழிக்க மறக்காதே.

அவள் கேட்டாள் என்று உன்னிடம் மூச்சுக்கூட விடாத,
உன் அம்மா